நாலே நாலு ஓட்டை

"மொதல்ல அந்த மெஷின ஆஃப் பண்ணுங்க. செவுத்துல கை வெக்காதீங்க."

சமையலறை வாசலில் நின்று மாலதி சொன்னதும், ஸ்டூல் மேல் நின்றிருந்த அருள்முருகன் திரும்பிப் பார்த்தான். கையில் ஆபீஸ் நண்பனிடம் இரவல் வாங்கிய டிரில்லிங் மெஷின். சுவரில் பென்சிலால் வைத்த நான்கு புள்ளிகள்.

"ஏன், கோணலா இருக்கா?"

"கோணல்லாம் இல்ல. ஓட்டை போட வேணாம்."

இந்த வார்த்தையைக் கேட்கவா அவன் பதினோரு மாதம் காத்திருந்தான்? அண்ணாமலை நகரில் இந்த மாடி போர்ஷனுக்குக் குடிவந்த அன்றே, சுவரில் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் தேவசகாயம் கறாராகச் சொல்லிவிட்டார். காலண்டர்கூட ஜன்னல் கம்பியில்தான் தொங்குகிறது. மாலதியின் புத்தகங்கள் நான்கு அட்டைப்பெட்டிகளில் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன.

கல்யாணமாகி ஆறு வருடம் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் கூட்டுக் குடும்பம். சொந்தக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அவள் வாடிப்போனதைப் பார்த்துத்தான் மாற்றல் கேட்டுச் சிதம்பரம் வந்தான். "அங்க உனக்குன்னு ஒரு புத்தக அலமாரி. வந்த மொத வாரமே மாட்டித் தரேன்" என்று வாக்குக் கொடுத்தவனும் அவன்தான்.

"மாலதி, சாரே ஒத்துக்கிட்டாரு. அவரு வீட்டு மோட்டார ரெண்டு தடவ சரி பண்ணிக் குடுத்து, கெஞ்சிக் கூத்தாடி, 'சரி, நாலே நாலு ஓட்டை'ன்னு வாயத் தொறக்க வெச்சிருக்கேன்."

"அவரு சொல்லட்டும். எனக்கு வேணாம்."

"அலமாரி வேணாமா?"

"அலமாரி வேணும். ஓட்டைதான் வேணாம்."

"அப்ப அது அந்தரத்துல நிக்குமா?"

"ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப்பு ஏதோ வருதாமே. அதுல ஒட்டிப் பாருங்க."

அருள்முருகன் வாதாடுகிற ரகமில்லை. கிளம்பிவிட்டான். ஆனித் தேர் நெருங்கிவிட்டதால் கீழ வீதியில் கூட்டம் நெரிந்தது. வண்டியைப் பாதி தூரம் உருட்டிக்கொண்டே போய் டேப் வாங்கி வந்தான். பத்து கிலோ தாங்கும் என்று கடைக்காரர் சத்தியம் செய்யாத குறை.

பலகையை ஒட்டி, ஒரு மணி நேரம் பொறுத்து, புத்தகங்களை ஒவ்வொன்றாக அடுக்கினான். பன்னிரண்டாவது புத்தகத்தை வைத்ததும் பலகை சுவரின் பெயின்ட்டையும் பெயர்த்துக்கொண்டு தடாலென்று விழுந்தது.

பிடிக்க ஓடி வருவாள் என்று பார்த்தால், மாலதி இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டாள். சிதறிய புத்தகங்களைக் குனிந்து எடுக்கவும் இல்லை. புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள் அவள். அருள்முருகனுக்கு என்னவோ போல் இருந்தது.

"செவுரு தோல் உரிஞ்சத தேவசகாயம் சாருகிட்ட யாரு சொல்றது?" என்று சிரிக்கப் பார்த்தான்.

"நானே சொல்லிக்கிறேன். நீங்க விடுங்க."

விட அவனுக்கு மனசு வரவில்லை. அண்ணாந்து பார்த்தவனின் கண்ணில் கூடத்து நடுவில் விட்டத்தில் சும்மா கிடந்த இரும்புக் கொக்கி பட்டது.

"இரு இரு. நாலு மூலையிலயும் கயிறு கட்டி இதுல தொங்கவிட்டா ஓட்டையே வேணாம். பழைய காலத்துக் கொக்கி. ஆளே தொங்கலாம்."

கொடிக்கயிற்றை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் காலை வைத்தான்.

"அதுல வேணாங்க."

"இதுலயும் வேணாமா?"

மாலதி தரையைப் பார்த்தாள். அருள்முருகன் கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டான். நான்கு நாளாக மனதில் அரித்துக்கொண்டிருந்ததை இனி அடக்க முடியவில்லை.

"வியாழக்கெழம ஒங்க அம்மாகிட்ட போன்ல, 'அவருகிட்ட இன்னும் சொல்லலம்மா'ன்னு சொன்ன. என் காதுல விழுந்துச்சு."

மாலதி நிமிர்ந்தாள்.

"ஒனக்கு இங்க இருக்கப் புடிக்கல. திரும்பக் கடலூருக்கே அம்மா வீட்டுக்குப் போயிடலாம்னு இருக்க. அதான் எதயும் நெலையா மாட்ட விடமாட்டேங்குற. என்கூட இருக்கறதே சலிச்சுப் போச்சுன்னாலும் சொல்லிடு மாலதி. தாங்கிக்கிறேன்."

தாங்கிக்கொள்ள மாட்டான் என்பது அவன் குரலிலேயே தெரிந்தது. அலமாரி எக்கேடோ கெடட்டும், இவள் போய்விட்டால் இந்த வீட்டில் எனக்கு என்ன வேலை என்று நினைத்தபோது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மாலதி மெல்ல நடந்து வந்து அவன் மடியிலிருந்த கயிற்றை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"நாளைக்கு உறுதியாத் தெரிஞ்சதும் சொல்லலாம்னுதான் இருந்தேன். அவசரப்பட்டுச் சொல்லிட்டு அப்புறம் இல்லன்னு ஆயிட்டா, என்னவிட நீங்கதான் ஒடஞ்சு போறீங்க. ரெண்டு தடவ பாத்துட்டேன்."

"என்னன்னு சொல்லு."

"தை மாசம் வரைக்கும் வீட்டுல ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க" என்றவள், அவன் தலையைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். "அந்தக் கொக்கிய மட்டும் காலியா வைங்க. என் நூல் புடவையில தூளி கட்டணும்."