முன்பக்கத்து வேர்

அந்த ஒரு வேரை வெட்டிவிட்டால் முதல் பரிசு என்றார் நடுவர். ஜெகநாதன் மாட்டேன் என்றுவிட்டார்.

போர்ட் பிளேர் மலர்க் கண்காட்சியில் கூடியிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவர் கிருஷ்ணமூர்த்தி மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்தவர். போன்சாயில் பெரிய கை. அந்தமான் காட்டில் வானளவு வளரும் படாக் மரம், இங்கே ஜெகநாதனின் தட்டில் குட்டியாக நின்றது; அதை விட்டு நகர அவருக்கு மனசே வரவில்லை.

"காட்டு மரத்தை அப்படியே தட்டுல இறக்கி வெச்சிருக்கீங்க, சார். ஆனா இந்த வேர் பலகை மாதிரி நேரா முன்னாடி நீட்டிக்கிட்டு நிக்குது. பாக்கறவங்களை இடிக்குது. இதை எடுத்துட்டா குறையே இல்ல."

"அது இருக்கட்டும் சார்."

"நாளைக்குக் கப்பல்ல திரும்பறேன். வேரை எடுத்துட்டுக் கொண்டு வாங்க, மெட்ராஸ் கண்காட்சிக்கு நானே எடுத்துட்டுப் போறேன். உங்க பேரு நாலு பேருக்குத் தெரியணும்."

"இல்ல சார். அது அப்படியே இருக்கட்டும்."

முதல் பரிசு ஒரு ரோஜாச் செடிக்குப் போயிற்று. ஜெகநாதனுக்கு ஆறுதல் பரிசாக ஒரு சோப்பு டப்பா.

"தலைக்கனம்" என்று யாரோ சொன்னது அவர் மனைவி நீலாவதியின் காதில் விழுந்தது. அவளுக்கும் அப்படித்தான் பட்டது.

ஹேடோ வனத்துறை குவார்ட்டர்ஸில் ஜெகநாதனுக்குப் 'பாகல் பாபு' என்று பெயர். பைத்தியக்காரன் என்று தமிழில் சொன்னால் கோபித்துக்கொள்வார் என்று இந்தியில் வைத்தார்கள். அவருக்குக் காட்டு கேம்ப்பில் வேலை. வெட்ட வேண்டிய மரத்தைப் பார்த்து, சுத்தியலால் நம்பர் அடிக்க வேண்டும். நம்பர் விழுந்த மரம் அப்புறம் நிற்காது.

"காட்டுல மரத்தை வெட்டக் குடுத்துட்டு, வீட்டுல சாப்பாட்டுத் தட்டுல மரம் வளக்கறாரு" என்று பக்கத்து வீட்டுப் புஷ்பம் சிரிப்பாள்.

ஆரம்பத்தில் அது வெறும் பொழுதுபோக்குதான். சுவரில் முளைத்த ஆலங்கன்றைப் பிடுங்கி டால்டா டப்பாவில் வைத்தார். செத்துப் போயிற்று. இன்னொன்று வைத்தார், அதுவும் போயிற்று. கப்பலில் வந்த ஓர் இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்து வேர் நறுக்கவும், கம்பி சுற்றிக் கிளையை வளைக்கவும் கற்றுக்கொண்டார். படத்தில் இருக்கிற மாதிரியே அழகழகாகச் செய்தார். வந்தவர்கள் கேட்டு வாங்கிப் போனார்கள்.

பிறகு ஒரு மழைக்காலம் முடிந்து வந்தவருக்கு என்ன ஆயிற்றோ, புத்தகத்தைத் தூக்கி அலமாரிக்கு மேல் போட்டார். கேம்ப்பிலிருந்து காட்டுக் கன்றுகளாகக் கொண்டு வந்தார். லீவு நாள் முழுக்க ஒரே கிளையோடு உட்கார்ந்திருப்பார். கண்ணை மூடி யோசிப்பார். திறந்து, கம்பியை ஒரு நூல் திருப்புவார். கை தேர்ந்துகொண்டே போயிற்று. ஆனால் எந்த மரத்தையும் முழு அழகாக விடவில்லை. ஒன்றுக்கு உச்சி முறிந்திருக்கும், ஒன்று ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். யார் கேட்டாலும் கொடுப்பதும் இல்லை.

அவர் கேம்ப்பில் இருந்த மாதங்களில் அத்தனைக்கும் தண்ணீர் ஊற்றியது நீலாவதி. கோடையில் குழாயடியில் வரிசை நின்று பிடித்த தண்ணீர். தான் குளிக்காமல்கூட மரத்துக்கு ஊற்றியிருக்கிறாள். ஒரு நாளாவது இந்த குவார்ட்டர்ஸ் வாயடைத்து நிற்க வேண்டும் என்ற ஆசை அவளுக்கு. இன்றைக்கு அது கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டுப் போயிற்று.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஆரம்பித்தாள்.

"ஏங்க, ஒரே ஒரு வேரு. வெட்டினா உங்க கை தேஞ்சு போயிடுமா?"

அவர் மரத்தை அதன் இடத்தில் வைத்தார்.

"அந்தப் புஷ்பம் என்னைப் பாத்து எப்படிச் சிரிச்சா தெரியுமா? இத்தனை வருஷம் நான் தண்ணி சுமந்தது ஒரு சோப்பு டப்பாவுக்கா?"

"நீ சுமந்தது எனக்குத் தெரியும், நீலா."

"தெரிஞ்சா வெட்டுங்க. கப்பல் நாளைக்குத்தானே? அந்த ஜட்ஜ் சாப் எடுத்துட்டுப் போறேன்னு சொல்றாரு."

அவர் தட்டில் சிந்திய மண்ணைத் துடைத்தார். அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. ஆணியில் தொங்கிய கத்திரியை எடுத்தாள்.

"அச்சா, நீங்க வெட்ட வேணாம். நானே வெட்டறேன்."

கத்திரிக்கும் வேருக்கும் நடுவே ஜெகநாதனின் கை வந்தது.

"வேணாம் நீலா. இதுல எதுவும் நானா வெச்ச கோணல் இல்ல." "இங்க நிக்கறதெல்லாம் காட்டுல நான் நம்பர் அடிச்ச மரங்க. ஒவ்வொண்ணுக்கும் அடியில கிடந்த கன்னை எடுத்துட்டு வந்து, அது எப்படி நின்னுச்சோ அப்படியே வளத்திருக்கேன்."

நீலாவதி சுவரோரம் இருந்த தட்டுகளைத் திரும்பிப் பார்த்தாள். உச்சி முறிந்தது, சாய்ந்தது எல்லாம் வரிசையாக நின்றன.

"சரி, அதுக்காக இந்த ஒரு வேரை எடுக்கக் கூடாதா?"

"நான் புத்தகத்தைத் தூக்கிப் போட்டேனே, அதுக்கு முந்தின மழைக்காலத்துல ஒரு நாள் கேம்ப்புக்குத் திரும்ப முடியாம காட்டுல மாட்டிக்கிட்டேன். அந்தப் படாக் மரத்துல இந்த வேரு என் உசரத்துக்குச் சுவரு மாதிரி நின்னுச்சு. அது மறைவுல ஒண்டிக்கிட்டுத்தான் நனையாம இருந்தேன். கட்டிக்கிட்டுப் போன சோத்தையும் அங்கேயே உக்காந்து தின்னேன்."

கத்திரியைக் கீழே வைத்தாள்.

"மழை விட்டுச்சு. எந்திரிச்சு வந்து அதே மரத்துல நம்பர் அடிச்சேன்."