ஞாயிற்றுக்கிழமைக் குறட்டை

தகரக் கூரையின் ஓட்டை வழியே இறங்கும் மத்தியான வெயிலில், குளித்தும் போகாத பஞ்சு இசக்கிப்பாண்டியின் காதோரம் மினுங்குகிறது. மில்லின் பஞ்சுத் தூசி நெஞ்சை அடைத்திருக்கிறது. படுத்தால் இருமல் பிடித்துக்கொள்ளும். அதனால் மனைவி பூமாரியின் முதுகில் தன் முதுகைச் சாய்த்து, உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்திருக்கிறான். மரத்துப்போன காலை நீட்டாமல் அவள் முறத்து அரிசியில் கல் பொறுக்குகிறாள். "யக்கா, குழாய்ல தண்ணி வந்துட்டு. இப்ப நின்னுரும்!" என்று வாசலில் வந்து நிற்கிறாள் பக்கத்து வீட்டுச் சண்முகவடிவு. பூமாரி உதட்டில் விரல் வைக்கிறாள். எட்டிப் பார்த்த சண்முகவடிவு தன் குடத்தை அங்கேயே விட்டுவிட்டு, பூமாரியின் குடத்தைச் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். "நல்லா இருப்பே தாயி" என்று முணுமுணுக்கும்போதே பூமாரிக்குக் கண் கலங்குகிறது. கல்யாணமான புதிதில் அவள் காதைப் பொத்திக்கொண்ட அந்தக் குறட்டை, முதுகுக்குப் பின்னால் மெல்லத் தொடங்குகிறது. முறத்தை ஓசைப்படாமல் கீழே வைத்துவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.