தேதி மட்டும்

"பேரு வேணாங்கய்யா. கையெழுத்து போதும்."

புத்தகத்தின் முதல் பக்கத்தில் போட்டார். பக்கத்திலேயே தேதியும் போட்டார். பட்டாளத்துக் கை. கையெழுத்து விழுந்தால் தேதியும் சேர்ந்தே விழும்.

போர் இலக்கிய விழாவின் இரண்டாம் நாள். சற்றுமுன்தான் மேடையில், போரில் கேப்டனாக இருந்த நாட்களைப் பற்றிய தன் புத்தகத்திலிருந்து வாசித்திருந்தார்.

'நான்காம் தேதி என் படைப்பிரிவின் நாயக் இருளப்பன் என் கண்ணெதிரே வீழ்ந்தான். ஐந்தாம் தேதி பின்வாங்க உத்தரவு. உயிரோடிருந்த ஒருவனையும் நான் அந்தக் குன்றில் விட்டு வரவில்லை.'

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையில் ஓர் அம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை. கால்வலி போலும் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த அம்மாதான் இப்போது எதிரில் நிற்கிறாள்.

"நான் இருளப்பன் சம்சாரம்."

பதறி எழுந்து கும்பிட்டார். நடிப்பில்லை, நிஜமான கும்பிடு.

அவள் பையிலிருந்து ஒரு நீலக் கடிதத்தை எடுத்தாள். மடிப்பெல்லாம் கிழிந்து ஒட்டுப் போட்டிருந்தது. அதை விரித்து, ஈரம் காயாத அவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

'காலில் அடி. நடக்க முடியவில்லை. கேப்டன் ஐயா எல்லோரையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்குகிறார். ஸ்ட்ரெச்சர் அனுப்புகிறேன், இங்கேயே இரு என்கிறார். கடிதத்தை அவரிடமே கொடுத்து விடுகிறேன். பயப்படாதே.'

கடிதத்தின் அடியில் அவருடைய அதே கையெழுத்து. பக்கத்தில் தேதி. ஐந்து.

களத்திலிருந்து போகும் கடிதத்தை அதிகாரி படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தபாலில் சேர்ப்பார்கள். அன்று ஒரு கட்டுக் கடிதம். யார் படித்தது? கை அதுபாட்டுக்குப் போட்டுக்கொண்டே போனது.

அடப்பாவி, இதிலுமா போட்டாய்?

பின்னால் வரிசையில் யாரோ செருமினார்கள். அவர் கடிதத்தை மடிக்கப் போனார். அவள் விரல் அதன்மேல் அழுத்தமாக இருந்தது.

"நாலாந்தேதின்னு தந்தி வந்துச்சு. அஞ்சுன்னு கடுதாசி வந்துச்சு. அவருக்கு என்னைக்குப் படையல் போடுறதுன்னே தெரியாம இருபத்தாறு வருசம் ஓடிப்போச்சு. யாரைக் கேக்குறதுன்னும் தெரியல."

புத்தகத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

"அதுக்கப்புறம் எத்தன நாளு உசுரோட கெடந்தாரு? கையெழுத்தெல்லாம் வேணாங்கய்யா. தேதி மட்டும் போடுங்க."