கறுப்புக் கலரில் ஒரு கயாக்

தஞ்சாவூரில் பம்புசெட் கடை வைத்து நிம்மதியாகப் பிழைத்துக்கொண்டிருந்த செல்லதுரைக்கு, யாரோ டூரிஸ்ட் கூட்டம் வந்து கொட்டப்போகிறது என்று காதில் ஓதிவிட்டார்கள். உடனே பெடல் கயாக் ஏஜென்சி எடுத்துவிட்டார். காலால் மிதித்தால் தண்ணீரில் ஓடும் ஒற்றையாள் படகு. வாங்கி வைத்தது ரெண்டு. விற்றது பூஜ்ஜியம். மஞ்சள் கயாக்கில் பூனை குட்டி போட்டிருந்தது.

அதனால் அந்தம்மா கடைக்குள் வந்து, "மிதிக்கிற படகு இருக்குங்களா?" என்று கேட்டபோது செல்லதுரைக்கு அழுகையே வந்துவிட்டது.

"வாங்கம்மா, உட்காருங்க! எதுக்குன்னு சொன்னா அதுக்குத் தோதா எடுத்துக் குடுப்பேன். மீன் பிடிக்கவா? முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைச் சுத்திப் பாக்கவா?"

"அதெல்லாம் இல்லைங்க. சத்தம் வருமா?"

"மூச்சு விடாதும்மா. இந்த மஞ்சளை எடுத்துக்குங்க, தூரத்துல இருந்தே பளிச்சுன்னு தெரியும்."

"தெரியக் கூடாதுங்க. கறுப்புதான் வேணும்."

செல்லதுரை அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஆனாலும் வியாபாரி இல்லையா, விளக்கத்தை விடவில்லை.

"மஞ்சள் குறுகலானது, வேகமாப் போகும். மீன் வால் மாதிரி அடியில தகடு ஆடும், பாசியில சிக்காது. ஆனா ரிவர்ஸ் கிடையாது. கறுப்பு அகலம். மெதுவாத்தான் போகும், ஆடாது. அடியில விசிறி, ரிவர்ஸும் வரும். ஆனா வெங்காயத்தாமரை சுத்திக்கிச்சுன்னா நின்னுடும்."

"எங்க குளத்துல நூறு நாள் வேலை ஆளுங்க எல்லாத்தையும் வாரிட்டாங்க. வேகம் வேணாங்க, ஆடாமப் போனாப் போதும். சாமி கனம்..." சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சாமான் கனம்."

அவள் கறுப்புக் கயாக்கில் ஏறி உட்கார்ந்து, தலை எவ்வளவு உயரம் தெரிகிறது என்று கையால் அளந்தாள். "குனிஞ்சுக்கலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"எந்த ஊருக்கும்மா அனுப்பணும்?"

"திருக்காட்டுப்பள்ளி தாண்டி மருதங்குடி. மேல வைக்கோல் போட்டு மூடி அனுப்புங்க. யாரு கேட்டாலும் மாட்டுத் தீவனம்னு சொல்லச் சொல்லுங்க."

அவள் தலை மறைந்ததும், அந்தப் பக்கம் எஸ்.ஐ.யாக இருந்த மச்சினன் மனோகரனுக்குப் போன் போட்டார் செல்லதுரை.

"மாப்ளே, சிலைக் கடத்தல்! படகு வித்தவன்னு என்னையும் சேத்து உள்ள தள்ளிடாதே!"

எல்லாவற்றையும் கேட்ட மனோகரன் துள்ளிக் குதித்தான். "மாமா, வர்ற தைப்பூசத்துக்கு அங்க தெப்பம்! தெப்பக் கயிறை மொதல்ல பிடிக்கிறது மேலத்தெருவா, கீழத்தெருவான்னு மண்டை உடைஞ்சு, சாமி விடிய விடிய நடுக்குளத்துல நின்ன ஊரு அது. அதோட திருவிழாவையே நிறுத்திட்டாங்க. இப்பத்தான் மறுபடி பர்மிஷன் வந்திருக்கு. இந்தத் தடவையும் அடிதடின்னா இனிமே தெப்பமே கிடையாதுன்னு கண்டிஷன். கரையில அவனுங்க அடிச்சுக்கிற நேரம் பாத்து, தண்ணி வழியா ஐம்பொன் சாமியை அமுக்கிடலாம்னு பிளான். விட்டுடுவேனா?"

தைப்பூசத்தன்று பொழுது சாயும் நேரம். மனோகரனும் ரெண்டு போலீஸ்காரர்களும் லுங்கி கட்டிக்கொண்டு குளக்கரைக் கூட்டத்தில் நின்றார்கள். அடையாளம் காட்ட வந்த செல்லதுரை, பேப்பரில் போட்டோ வந்தாலும் வருமென்று புதுச்சட்டை போட்டிருந்தார்.

மேலத்தெரு ஒரு பக்கம், கீழத்தெரு ஒரு பக்கம். ரெண்டு தெருவும் தனித்தனியாகக் கயிறு கொண்டுவந்து முறைத்துக்கொண்டு நின்றன. யார் கையையாவது எடுத்து வைத்தால் போதும், மண்டை உடையும்.

அதற்குள் தெப்பம் தானாக நகர்ந்தது!

கயிறில்லை, கழியில்லை. விளக்கும் பூவுமாகச் சாமி ஆடாமல் அசையாமல் வந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். முறைத்துக்கொண்டிருந்தவர்கள் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். முதல் சுற்று முடிந்தது. ரெண்டாம் சுற்றும் முடிந்தது.

மூன்றாம் சுற்றில், தெப்பத்தைச் சுற்றிக் கட்டியிருந்த துணி காற்றில் லேசாகத் தூக்கியது. உள்ளே கறுப்பாக ஒரு முனை.

"அதோ! நான் வித்த கயாக்!" என்று செல்லதுரை கத்தினார்.

தொபீர் தொபீரென்று போலீஸ் குளத்தில் குதித்தது. தெப்பத்தை மிதக்கவைத்த டிரம்களுக்கு நடுவே குனிந்து மிதித்துக்கொண்டிருந்தவளைப் படகோடு வெளியே இழுத்தார்கள்.

"சாமியை எங்கம்மா கடத்துறே?" என்று மனோகரன் அதட்டினான்.

"செந்தாமரைம்மா!" என்று கூட்டம் அலறியது. "அவங்க நம்ம கோயில் அறங்காவலருங்க!"

செந்தாமரை முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

"கடத்தலைங்க, சுத்த விட்டேன்! கயிறு இருந்தாத்தானே யாரு மொதல்ல பிடிக்கிறதுன்னு அடிச்சுக்குவீங்க? கயிறே வேணாம்னுதான் கடை கடையா ஏறி இதைத் தேடி வாங்கினேன். இன்னும் அரைச் சுத்துதான் பாக்கி. கெடுத்தீங்களே, பாவிகளா!"

கீழத்தெருப் பெரியவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செல்லதுரைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மனோகரன் கைகூப்பி, "மன்னிச்சுடுங்கம்மா, ஏறி மிதிங்க" என்று கயாக்கைத் திருப்பிப் பிடித்தான்.

அப்போது மேலத்தெருப் பக்கமிருந்து ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்: "இருங்க, இருங்க... பெடலை மொதல்ல மிதிக்கிறது எந்தத் தெரு?"