துண்டுக்குள் கை

அவள் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டாள்.

இதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோ அறையில், டாக்டரான அவளுக்கு அது பழகிப்போன வித்தை. கருவியை எடுத்து வைத்துவிட்டுக் கணினி கணக்குப் போடும்வரை, படுத்திருப்பவர் திரையைப் பார்க்க மாட்டார். டாக்டரின் முகத்தைத்தான் பார்ப்பார்.

செங்கோடனும் பார்த்தார்.

மாட்டுத் தரகர். சந்தையில் அடுத்தவர் முகத்தைப் படித்தே சோறு தின்றவர். சட்டையைக் கழற்றிவிட்டுத் தோள் துண்டை மார்பில் போர்த்தியிருந்தார்.

திரையில் ஒரு வட்டம். அவருடைய இதயத் தசை எவ்வளவு சுருங்குகிறது என்று பகுதி பகுதியாக அளந்து வண்ணம் பூசிக்கொண்டிருந்தது. சிவந்தால் தெம்பு. வெளிறினால் அடி.

போன தடவை ஓர் ஓரம் வெளிறியிருந்தது.

புற்றுநோய்க்குக் கொடுத்த மருந்து இதயத்தையும் உரசிப் பார்த்திருந்தது. பழைய அளவுகோலுக்கு அது தெரியவில்லை. ரத்தத்தை நன்றாகத்தான் இறைக்கிறது என்றது. இறைப்பது குறைவதற்கு முன்பே தசை காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவளுடைய ஆராய்ச்சி. தலை நரைக்கத் தொடங்கும்வரை அதைத்தான் சொல்லிவந்தாள். மாநாடுகளில் சாப்பாட்டுக்கு முந்தைய நேரத்தை ஒதுக்குவார்கள். பசித்தவன் கேள்வி கேட்க மாட்டான்.

செங்கோடன் போன தடவை கேட்டார். வண்டி இழுக்கிற மாட்டில் நொட்டை சொல்வது விலையைக் குறைக்கத்தானே என்றார். இதய மாத்திரை ஆறு மாதம் என்றாள். இரண்டு என்றார். மூன்றில் படிந்தது.

துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவதை அன்றைக்கு அவரே காட்டிக்கொடுத்தார். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. கையோடு பிடித்தால் ஐந்து. வாய் பேசக் கூடாது. முகம் அதைவிடப் பேசக் கூடாது.

இன்றும் வெளிறியிருந்தால் புற்று மருந்தை நிறுத்திவிடுவார்கள்.

கட்டி பாதிதான் கரைந்திருந்தது.

வட்டம் சிவந்துகொண்டே வந்தது. அந்த ஓரம் மட்டும் பாக்கி.

கணினி யோசித்தது.

சிவப்பு.

ஒரு தடவை அளந்து சந்தோஷப்படுவது அவள் வழக்கமில்லை. மறுபடி அளந்தாள்.

சிவப்பு.

முகத்தை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

செங்கோடன் சிரித்தார்.

"ஏனுங் அம்மணி, மாடு புடிச்சுப்போச்சுன்னா வாங்கறவன் மூஞ்சி இப்புடித்தான் கல்லாட்டம் இறுகிக் கெடக்கும்."

அவள் திரைப் பக்கம் திரும்பினாள். மூன்றாவது முறைக்கும் பொத்தானை அழுத்தினாள். உதடுதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

அவர் எழுந்து உட்கார்ந்தார். துண்டை மடியில் விரித்தார். வலது கையை அதற்குள் விட்டு அவள் பக்கம் நீட்டினார்.

"இன்னும் எத்தன வருசம்னு வாயில சொல்லிப்போடாதீங்."

எந்த டாக்டரும் சொல்லக் கூடாத கணக்கு அது. அவளுடைய எந்தக் கட்டுரையிலும் இல்லாத கணக்கு.

மூன்றாவது வட்டமும் சிவந்தது.

ஜெல் பிசுபிசுத்த கையைத் துடைக்காமலே துண்டுக்குள் விட்டாள். அவர் கையை ஐந்து விரலோடும் சேர்த்துப் பிடித்தாள்.

செங்கோடன் உதட்டைப் பிதுக்கினார். கட்டுப்படியாகாதாம்.

மெல்ல, இடது கையையும் துண்டுக்குள் நுழைத்தார்.

அவள் முகம் மறுபடி கல்லானது.