இரண்டு முழச் சந்து

வீட்டு வரி போட வந்த ஆபீசர், வீட்டை அளந்து முடிச்ச கையோட, "அந்தச் சந்துக் கதவையும் கொஞ்சம் திறங்க"ன்னார். தையல்காரர் சாவியைத் தேடுற மாதிரி இடுப்பைத் தடவினார்.

ஏற்கெனவே மனுஷன் நொந்து போயிருந்தார். காலங்காத்தால தன்னோட தையல் டேப்பை வச்சே ஹால், சமையல்கட்டு, மாடி ரூம் எல்லாத்தையும் அளந்து, வரி இவ்வளவுதான் வரும்னு ஒரு கணக்குப் போட்டு வச்சிருந்தார். அளக்கிறது அவர் தொழிலாச்சே. ஆனா ஆபீசர் வெளிப்பக்கமா நின்னு, சுவரோட கனத்தையும் சேர்த்து அளப்பார்னு அவர் கனவா கண்டார்? அளவு எடுக்கும்போது வயித்தை எக்கிக்கிட்டு நிக்கிற கஸ்டமர் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கார். வீட்டை எக்கச் சொல்ல முடியுமா?

போதாக்குறைக்கு இப்போ சந்து வேற.

அது என்ன பெரிய ராஜபாட்டையா? ரெண்டு முழ அகலம். இவர் வீட்டுக்கும் பக்கத்து வீட்டு டிரைவிங் மாஸ்டர் வீட்டுக்கும் நடுவிலே சிவனேன்னு கிடந்தது. அது என்னுதுன்னு இவர் சொல்ல, இல்லை என்னுதுன்னு அவர் சொல்ல, பேச்சு முத்திப் போய் ஆளுக்கொரு முனையிலே கதவைப் போட்டுப் பூட்டிட்டாங்க. இப்போ அதுக்குள்ளே நடமாடுறது பூனைதான். அந்தச் சந்து வழியாவே போறதும் வர்றதுமா அக்கா தங்கச்சி மாதிரி பழகின ரெண்டு வீட்டு அம்மாக்களுக்கும், இனிமே ஒருத்தர் முகத்திலே ஒருத்தர் முழிக்கக் கூடாதுன்னு உத்தரவு.

திங்கட்கிழமை கேஸ் போடறதா ஏற்பாடு. பொண்ணோட நர்சிங் படிப்புக்குன்னு சேர்த்து வச்ச பணத்தை எடுத்து வக்கீலுக்குக் கொடுக்கப் போறார் தையல்காரர். இதை வீட்டிலே சொன்னப்போ பொண்ணு அழுதுச்சு. அவர் மனைவி மட்டும் திங்கட்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் இருக்குன்னு காலண்டரைப் பார்த்தாங்க. படிப்பை அடுத்த வருஷம் படிச்சுக்கலாம், சந்து போனா திரும்ப வருமான்னு தையல்காரர் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கிட்டார்.

இவர் இந்த முனைக் கதவைத் திறந்தார். ஆபீசர் கூப்பிட்டு விட்டதாலே, அந்த முனையிலே டிரைவிங் மாஸ்டரும் முணுமுணுத்துக்கிட்டே திறந்தார். எத்தனையோ மாசம் கழிச்சு ரெண்டு பேரும் நேருக்கு நேர்.

ஆபீசர் நடுவிலே நின்னு டேப்பை நல்லா விரிச்சார்.

"இந்த இடம் யாருதுங்க?"

தையல்காரர் மனசு ஒரு நொடியிலே பெருக்கிப் பார்த்திருச்சு. ஒரு வருஷமா ரெண்டு வருஷமா, ஆயுசுக்கும்ல வரி கட்டணும்.

"அவருதுங்க சார்"னு எதிர் முனைக்குக் கையைக் காட்டினார்.

டிரைவிங் மாஸ்டர் பதறிப் போயிட்டார். "சார், நான் நாலு பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறவன். அடுத்தவங்க பாதையிலே நுழைவேனா? இது காலங்காலமா டெய்லர் அண்ணனோட இடம்."

நேத்து வரைக்கும் 'அந்தக் கத்திரிக்கோல்'. இன்னைக்கு அண்ணன். ஆனாலும் பாருங்க, அந்த அண்ணனைக் காதாலே கேட்டு ரொம்ப நாளானதாலே தையல்காரருக்கு உள்ளுக்குள்ளே கொஞ்சம் இனிச்சுது. அதுக்காகச் சந்தை வாங்கிக்க முடியுமா? தம்பி பெருந்தன்மையிலே பேசுது, எங்க அப்பாவே சாகும்போது என் கையைப் பிடிச்சு, சந்து அவங்களுதுடான்னு சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினார்னு ஒரே போடாப் போட்டார். அப்பா போனது தூக்கத்திலே.

மாஸ்டர் சளைச்சவரா? தன் தாத்தா சொன்னதா அவர் ஒண்ணு எடுத்து விட்டார். நீங்க வச்சுக்கங்க, இல்லை நீங்கதான் வச்சுக்கணும்னு உபசாரம் வளர்ந்துக்கிட்டே போச்சு.

ஆபீசர் பொறுமையா கேட்டுட்டு, ஒருத்தருக்கும் வேண்டாம்னா ரெண்டு வீட்டுக்கும் பொதுப் பாதைன்னு வச்சுக்கலாமே, ஆனா பின்னாலே கேஸு கீஸுன்னு யாரும் கிளம்பக் கூடாதுன்னார்.

"என் பொண்ணு மேலே சத்தியமா கிளம்ப மாட்டேன் சார்"னார் தையல்காரர். மாஸ்டர் தன் ரெண்டு பசங்க மேலேயும் பண்ணினார். பூட்டு ரெண்டும் அங்கேயே கழண்டு வந்துச்சு.

எல்லாம் முடிஞ்ச பிறகு தையல்காரர் மெல்ல இழுத்தார். "பொதுன்னா... வரி ஆளுக்குப் பாதியா சார்?"

"சந்துக்கு ஏதுங்க வரி? மேலே கூரை இருந்தாத்தான் வரி. வெறும் ஆகாசத்துக்கு யார் போடுவாங்க?"

ரெண்டு பேர் முகமும் தொங்கிப் போச்சு. சந்து என்னுதுன்னு சொல்ல வாய் துறுதுறுத்தது. இப்பத்தானே பெத்த புள்ளை மேலே சத்தியம் பண்ணித் தொலைச்சாச்சு, எங்கேயிருந்து சொல்றது?

"அப்புறம் எதுக்கு சார் அளந்தீங்க?"னு தையல்காரர் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கேட்டார்.

ஆபீசர் டேப்பைச் சுருட்டினார்.

"நேத்து உங்க ரெண்டு வீட்டம்மாவும் ஒண்ணா ஆபீசுக்கு வந்தாங்க. சந்துக்கு வரி இல்லம்மான்னு சொன்னேன். 'தெரியும் சார், நீங்க சும்மா டேப்பை மட்டும் விரிங்க, மிச்சத்தை எங்க வீட்டுக்காரங்க பார்த்துக்குவாங்க'ன்னாங்க."