வந்துடுவியா?

“அவன் வந்து உட்கார்ந்ததும் நீ வாயே திறக்காதக்கா. சட்டையைப் பிடிக்கறது என் வேலை.”

“அடிச்சுகிடிச்சு வைக்காதடா. விஷயம் வெளியே போனா நாறுறது நம்ம பொண்ணு பேருதான்.”

ஜூஸ் கடையின் கடைசி மேஜையில், வாசலைப் பார்த்தபடி அக்காவும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மருந்துக் கடையில் பில் போடுகிறவள். அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கடைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். வேன் ஓட்டுகிற தம்பி, சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே இருந்தான். மேஜைமேல் அவளுடைய மகளின் போன்.

மகள் எட்டாவது படிக்கிறாள். போன வாரம் டியூஷனுக்குக் கிளம்பும்போது கண்ணாடி முன்னால் நின்று, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “நான் ரொம்பக் கறுப்பாம்மா?” என்று கேட்டாள். அம்மாவுக்குச் சந்தேகம் தட்டியது. இந்த வயசில் இந்தக் கேள்வி சும்மா வராது. பதில் சொல்லாமல் போனைப் பிடுங்கி வைத்தாள். கொஞ்ச நேரத்தில், ‘டியூஷன்’ என்று பதிந்து வைத்திருந்த நம்பரிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது. ‘சாப்பிட்டியா?’

“அப்பவே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? நீ ஏன் பதில் போட்ட?”

“எவ்வளவு தூரம் போயிருக்குன்னு தெரிய வேணாமா? குட்டியைக் கேட்டா, ‘கூடப் படிக்கிற பையன்மா’ன்னு சாதிக்கிறா. கூடப் படிக்கிறவன் சாப்பிட்டியான்னா கேப்பான்? பேருக்கு ஒரு வரியை விட்டுட்டு, பழசையெல்லாம் சுத்தமா அழிச்சிருக்கா. அதான் அவ மாதிரியே நான் எழுதினேன்.”

தம்பி போனை எடுத்துப் படித்தான்.

‘உன் கண்ணு ரொம்ப அழகு.’

‘நான் கறுப்பா இருக்கேனே?’

‘எனக்கு அதான் பிடிக்கும்.’

“இதென்னக்கா, கறுப்பா இருக்கேனேன்னு நீயா கேட்டிருக்க?”

“வாயைப் பிடுங்கறதுக்குத்தான்.” அவள் முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்தப் பதில் வந்தபோது, பில்லுக்கு நின்றவர்களை மறந்து, அதையே திரும்பத் திரும்பப் படித்ததை அவள் தம்பியிடம் சொல்லவில்லை. அவளிடம் அப்படி யாரும் சொன்னதில்லை. கட்டினவன்கூட.

“சின்னப் பையன் எழுத்தா இது? எனக்கென்னவோ பெரிய ஆளு எவனோ பையன் மாதிரி நடிக்கிறான்னு படுது.”

அவள் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நேற்று வந்தது அதைவிட மோசம். ‘என்னோட வந்துடுவியா?’ இவள் ‘வந்துடறேன்’ என்று அடித்தாள். உடனே பதில். ‘நாளைக்கு நாலு மணி. ஜூஸ் கடை. தனியா வா.’

“குட்டி எப்படி இருக்கா?”

“டியூஷனை நிறுத்திட்டேன். சுவத்துக் கண்ணாடியைக் கழட்டி ஒளிச்சு வச்சுட்டேன். நேத்து ஒரு அறையும் விட்டேன். ‘நான் என்னம்மா பண்ணேன்’னு ஒரே அழுகை. அந்த நடிப்பைப் பாத்துத்தான் எனக்குப் பயமே ஜாஸ்தியாச்சு.”

ஹெல்மெட்டோடு ஒருவன் உள்ளே வந்தான். தம்பி பாதி எழுந்துவிட்டான். வந்தவன் பார்சல் வாங்கிக்கொண்டு தன் பாட்டுக்குப் போய்விட்டான். அவன் பின்னாலேயே, கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை தொங்க ஒரு பெண்ணும், வாட்டசாட்டமான ஒரு ஆளும் வந்து பக்கத்து மேஜையில் உட்கார்ந்தார்கள்.

“நேரம் பாத்து வந்துட்டாங்க, குடும்பத்தோட ஜூஸ் குடிக்க,” என்று தம்பி முணுமுணுத்தான். “அவன் எங்கேன்னு கேளுக்கா.”

‘வந்துட்டேன். எங்கே இருக்கே?’ என்று அடித்து அனுப்பினாள்.

பக்கத்து மேஜையில் ஒரு போன் ‘டிங்’ என்றது.

அந்தப் பெண் கைப்பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தாள். சட்டென்று எழுந்து கடை முழுக்கக் கண்ணை ஓட்டினாள். பார்வை இவள் கையிலிருந்த போனில் வந்து நின்றது.

“அது யாரு போனு?”

“என் பொண்ணுது. நீங்க யாரு?”

“நான் அவன் அம்மா! எங்கே உங்க பொண்ணு? எட்டாவது படிக்கிறவ, வந்துடுவியான்னா வந்துடறேங்கறா! எப்படிப்பட்டவன்னு பாக்கத்தான் நான் கேட்டேன்.”

“நீங்க கேட்டீங்களா?”

“அவன் போன் ஒரு வாரமா எங்கிட்டதானே இருக்கு! ஒரு பொண்ணோட நம்பர் இருக்கேன்னு பிடுங்கி வச்சேன். சாப்பிட்டியாங்கறதுலேர்ந்து எல்லாம் நான் போட்டதுதான்.”

அக்கா கையிலிருந்த போனை மேஜைமேல் வைத்தாள். “பதில் போட்டதெல்லாம் நான்.”

தம்பி சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். வாட்டசாட்டமான ஆள் விலைப் பலகையை அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தார்.

“அப்போ, கறுப்புதான் பிடிக்கும்னு எழுதினது?” என்று கேட்டாள் அக்கா.

அந்தப் பெண் மெல்ல உட்கார்ந்தாள். அவளும் நல்ல கறுப்பு. “என்கிட்ட யாராவது சொல்ல மாட்டாங்களான்னு ஏங்கினதைத்தான் எழுதினேன்.”

அக்கா தன் நாற்காலியைப் பக்கத்து மேஜைக்கு இழுத்துப் போட்டாள்.

“எம்பொண்ணு பழசையெல்லாம் அழிச்சுட்டா. உங்க பையன் போன்ல இருக்குமே, காட்டுங்க.”

“உங்க பொண்ணு போன்ல இருக்கும்னுதானே நானும் நினைச்சேன்? இதுல அவன் அழிச்சிருக்கானே!”

இரண்டு போன்களையும் ஒட்டி வைத்து, இரண்டு பேரும் மேலே தள்ளிப் பார்த்தார்கள். இரண்டிலும் ‘சாப்பிட்டியா’வுக்கு மேலே, பிள்ளைகள் எழுதியது என்று இருந்தது அதே ஒரு வரிதான்.

‘ஹோம்வொர்க்ல ஏழாவது கணக்குக்கு விடை என்ன?’

அதற்கு இன்னும் யாரும் பதில் போடவில்லை.